கண்ணின் சொற்கேட்கும் கை

தாம்பரத்தை அடுத்துள்ள திருநீர்மலையைப் பற்றி வைஷ்ணவ சம்பிரதாயத்தில் ஒரு வரலாறு வழங்கிவருகிறது. திருமங்கையாழ்வார் அத்தலத்தைச் சேவிக்கச் சென்ற சமயம், மலையைச் சுற்றிலும் நீர் அரண்போற் சூழ்ந்து நின்றதாம். அவர் எதிரே ஆறு மாதகாலம் தங்கியிருந்து, நீர் வடிந்த பின்னரே சென்று சேவித்தாராம். அந்த ஆறு மாதமும் மலை அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். கண்டாயிற்று, போதும் என்று அவர் திரும்பிப் போய்விடவில்லை. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் தலம் அது. அடிவாரத்தில் நீர்வண்ணரைச் சேவித்தவர்கள் மேலே ரங்கநாதரைச் சேவிக்க வேண்டுமானால், கற்படிகளை ஏறித்தான் ஆகவேண்டும். 2021-ஆம் வருஷத்தில் திருநீர்மலை தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்து நகரமாகிவிட்டது. எனினும் படி படியாகவே இருக்கிறது. முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு அடிவாரத்தில் நின்று அண்ணாந்து கும்பிடுவதே மலைதரிசனம்.

அந்த மூதாட்டியைச் சமதரையில் நடக்கவிட்டே மலையேற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். ஆனால் 2017-ஆம் வருஷத்தில் டோக்கியோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் ஏறக்குறைய இதையே செய்து காட்டினர். சமமான தரையில், படியின் விளிம்பு இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் சிறு மேடுகளைப் பொருத்தினர். நடப்பவர் கண்ணில் மெய்நிகர் காட்சி காட்டும் கண்ணாடியை மாட்டினர். கண்ணுக்குப் படிக்கட்டு தெரிகிறது. பாதத்துக்கு விளிம்பு தட்டுப்படுகிறது. மனிதர் படியேறுவதாகவே உணர்கிறார். உடல் ஓரங்குலமும் உயரவில்லை. இதற்கு முந்திய வருஷம் அதே கூட்டத்தார் வேறொரு வேடிக்கை செய்தனர். வட்டமாக வளைந்த சுவரொன்றைக் கையால் தடவிக்கொண்டே ஒருவரை நடக்கச் செய்து, கண்ணுக்கு மட்டும் நேரான தாழ்வாரத்தைக் காட்டினர். அவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே, முடிவில்லாத நேர்வழியில் போவதாக நம்பினார். சுவர் வளைந்திருக்கிறது என்பதை அதைத் தொட்டுக்கொண்டிருந்த கையே சொல்லவில்லை!

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதைப் படித்தவுடன் சாட்சியச் சட்டந்தான் நினைவுக்கு வந்தது. 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 60-வது பிரிவு, கண்டதைக் கண்டவரும், கேட்டதைக் கேட்டவரும், வேறோர் இந்திரியத்தால் அறிந்ததை அந்த இந்திரியத்தால் அறிந்தவரும் நேரில் வந்து சொல்ல வேண்டுமென விதித்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமமும் இவ்விதியைக் கைவிடவில்லை. ஒவ்வோர் இந்திரியமும் தனித்தனிச் சாட்சி. ஒன்றன் வாயால் மற்றொன்று பேசாது என்பது இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. மனோதத்துவ சோதனைகளோ வேறு கதை சொல்லுகின்றன. கை பொய்ச்சாட்சியன்று. ஆனால் கூண்டில் ஏறுமுன்பே, பக்கத்திலிருக்கும் கண்ணினால் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சி. அப்படிப்பட்ட சாட்சியிடம் எவ்வளவு எச்சரிக்கை வேண்டுமென்பது எந்த முன்ஸீப் கோர்ட்டிலும் தெரிந்த விஷயம்.

இது மெய்நிகர் யந்திரங்கள் பிறந்த பிறகு வந்த நோயன்று. இருட்டில் கிடந்த கயிற்றைப் பாம்பென்று கண்டு மிதித்துவிட்டவனைக் கேளுங்கள். உள்ளங்காலில் குளிர்ச்சி தட்டிற்று, நெளிந்தது என்றே சத்தியம் செய்வான். 1891-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ஷார்பாந்தியே என்பவர், ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் பார்வைக்குச் சிறியதே கைக்கு அதிகமாகக் கனக்கிறது என்று காட்டினார். வீட்டில் ஒரு சிறு செம்பையும் பெரிய தகர டப்பாவையும் மணல் நிரப்பி ஒரே எடையாக்கித் தூக்கிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே எடையென்று தராசில் கண்டறிந்த பின்னும் கை தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளாது. 1933-இல் கிப்ஸன் என்ற அமெரிக்கர், நேரான கோலை வளைத்துக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடியைச் சிலர் கண்ணில் வைத்து, அக்கோலைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவின விரலும் வளைவையே உணர்ந்தது.

1964-இல் ராக், விக்டர் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. சதுரமான சிறு பலகையொன்றை, அகலத்தைப் பாதியாகக் குறுக்கிக் காட்டும் கண்ணாடி வழியே பார்க்கச் செய்து, அதே சமயத்தில் துணியின் மறைவில் கையால் பிடித்துப் பார்க்கவும் செய்தனர். கண்ணுக்கு அது குறுகிய செவ்வகம். கைக்கு அது சதுரம். எது மெய்? வந்தவர்களிற் பெரும்பாலோர் கண்ட வடிவத்தையே உணர்ந்ததாகச் சொன்னார்கள். இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன என்ற சந்தேகங்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

மெய்நிகர் உலகில் இந்த விஷயத்தை முதன்முதல் செவ்வையாக அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் இந்தியர் என்பது நமக்குப் பெருமை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் ஸ்பரிச ஆராய்ச்சிக்கென்றே 'டச் லாப்' என்ற கூடத்தை நிறுவிய மண்டயம் ஸ்ரீநிவாசன், 1996-இல் தம் சகாக்களுடன் ஒரு சோதனை நடத்தினார். திரையில் இரண்டு சுருள்வில்கள் தெரியும். யந்திரப்பிடி ஒன்றின் வழியாக அவற்றை அமுக்கிப் பார்த்து, எது அதிக விறைப்பானது என்று சொல்லவேண்டும். பிடியோ கைக்கு உண்மையான எதிர்விசையைக் கொடுக்கிறது. ஆனால் திரையில் வில் எவ்வளவு அமுங்குவதாகக் காட்டுவது என்பது ஆராய்ச்சியாளர் இஷ்டம். விறைப்பான வில் மிகுதியாக அமுங்குவதுபோலவும், இளகிய வில் அசையாததுபோலவும் தலைகீழாகக் காட்டியபோது, பெரும்பாலோர் தீர்ப்பும் தலைகீழாயிற்று. தன் கை எவ்வளவு தூரம் உள்ளே சென்றது என்ற செய்தியை மனம் ஏறக்குறையத் தள்ளுபடி செய்து, திரை காட்டிய தூரத்தையே எடுத்துக்கொண்டது.

2000-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து லெகுயே என்பவரும் அவர் சகாக்களும் இன்னும் ஒருபடி முன்னே சென்றனர். எதிர்விசை கொடுக்கும் மோட்டார் எதுவும் இல்லாத சாதாரணப் பிடியைக் கையிற் கொடுத்து, திரையிலுள்ள பொருளின் வேகத்தைமட்டும் குறைத்தார்கள். கை தள்ளுகிறது, பொருள் மெதுவாக நகர்கிறது, ஏதோ தடுக்கிறது என்று கை உணர்கிறது. தடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. போலி ஸ்பரிசம் என்று இதைச் சொல்லலாம். இன்று வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு வெறும் கையால் 'கனமான' பெட்டியைத் தூக்குகிறவர்கள் இதைத்தான் அநுபவிக்கிறார்கள். தூக்கும் கையைவிடத் திரையிலுள்ள கை சற்றுப் பின்தங்கி உயர்ந்தால் பெட்டி கனக்கும், அவ்வளவுதான் ரகசியம்.

கண்ணுக்குக் கை அடிமை என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது அவசரத் தீர்ப்பாகும். 2002-இல் எர்ன்ஸ்ட், பாங்க்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி வழக்கைத் திருத்தி எழுதிற்று. ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் மதிப்பிடச் செய்து, கண்ணுக்குக் காட்டும் படத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கிக்கொண்டே போனார்கள். படம் தெளிவாக இருந்தவரை கண்ணின் சொல் வென்றது. கலங்கக் கலங்க, தீர்ப்பு விரலின் பக்கம் சாய்ந்தது. ஆக, மனம் கண்ணுக்கு வாழ்க்கைப்பட்டதன்று. நல்ல நீதிபதியைப்போல, எந்தச் சாட்சி அதிகத் தெளிவோ அதற்கு அதிக மதிப்பளிக்கிறது. மெய்நிகர் கூடத்தில் நடக்கும் அக்கிரமம் எதுவென்றால், அங்கே கண்ணுக்கு விலையுயர்ந்த, துல்லியமான படம் கிடைக்கிறது. கைக்கோ ஒரு பிளாஸ்டிக் பிடியும் அதன் நடுக்கமுமே கிடைக்கின்றன. ஒரு கட்சிக்காரனுக்குப் பெரிய வக்கீல், மற்றவனுக்கு வக்கீலே இல்லை. தீர்ப்பு எப்பக்கம் வருமென்று சொல்லவேண்டுமா?

நமது தொல்காப்பியர் உயிர்களை அறிவின் தொகையால் வகுத்தபோது, உற்றறிவாகிய ஸ்பரிசத்தையே முதலறிவாக வைத்தார். கண்ணறிவு நான்காவதாக வருகிறது. நியாய சாஸ்திரக்காரர்கள், நான் கண்ட அதே பொருளையே இப்போது தொடுகிறேன் என்ற அநுபவத்தைக் கொண்டே, இந்திரியங்களுக்கு அப்பால் ஆத்மா ஒன்று உண்டென்று வாதித்தனர். கண்ணும் கையும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்பதை அவர்கள் வாதத்தின் அஸ்திவாரமாகக் கொண்டனர். ஆனால் அந்த ஒற்றுமை பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? மாலினோ என்ற ஐரிஷ்காரர் 17-ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்வி இது: பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெற்றால், முன்பு தடவியறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் பார்த்தவுடனே இனங்காண்பானா?

முந்நூறு வருஷங்களுக்குப்பின் விடை கிடைத்தது இந்தியாவிலேதான். பவன் சின்ஹா நடத்தும் 'பிரகாஷ்' திட்டத்தின்கீழ், பிறவியிலேயே பார்வையிழந்து, டில்லியில் சிகிச்சையால் கண் பெற்ற ஐந்து சிறுவர்களைச் சோதித்தனர். முடிவு 2011-இல் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்த ஒன்றிரண்டு நாளில், கையால் தடவிய பொம்மைக்கட்டையைக் கண்ணால் அவர்களுக்கு இனங்காண முடியவில்லை. ஏறக்குறைய குருட்டாம்போக்கில் சொன்னார்கள். ஆனால் மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் சில தினங்களிலேயே வெகுவாகத் தேறினார்கள். கண்ணுக்கும் கைக்கும் உள்ள உடன்படிக்கை பழக்கத்தால் எழுதப்படுவது. அதுவும் வெகு சீக்கிரத்தில் எழுதப்படுவது. இதை மறந்துவிட வேண்டாமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கீழே நாம் சொல்லப்போகும் கவலை முழுவதும் இதன்மீதுதான் நிற்கிறது.

முதலில் லாபத்தைச் சொல்லிவிடுவோம். நம்மதுபோன்ற தேசத்துக்கு இந்த வித்தை ஒரு வரப்பிரசாதம். கைக்கு உண்மையான விசையை ஊட்டும் யந்திரங்கள் மிக்க விலையுள்ளவை. கண்ணைக்கொண்டு கையை நம்பச் செய்வதற்குக் கணக்கும் சாமர்த்தியமும் இருந்தால் போதும். 2016-இல் ஒரு கூட்டத்தார், மேஜைமீதிருந்த ஒரே மரக்கட்டையை மூன்று கட்டைகளாக நம்பச் செய்தார்கள். கை எதை நோக்கி நீண்டாலும் திரையிற் காணும் கையைச் சற்றே திருப்பி, அந்த ஒரு கட்டையின்மீதே கொண்டுவந்து சேர்த்தார்கள். கிராமத்துத் தொழிற்பள்ளி ஒன்று நான்கு கருவி வாங்குமிடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள இதில் வழியிருக்கிறது.

இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரவேண்டுமென்பதும் இல்லை. திருநீர்மலைக்காரர் பல்லாவரத்தில் மின்சார ரெயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், அருகிலேயே சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் மணிவண்ணனது ஸ்பரிச ஆராய்ச்சிக்கூடமும், மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென்றே அமைந்த ஆராய்ச்சி மையமும் வேலை செய்துவருகின்றன. வழவழப்பான தொடுதிரையில், அசையும் உறுப்பு எதுவுமின்றி, மின்புலத்தால் உராய்வைக் கூட்டியும் குறைத்தும் விளிம்பையும் சொரசொரப்பையும் விரலுக்கு உணர்த்தும் 'ஐ-டாட்' என்ற சாதனத்தை 2022-இல் அவர்கள் வெளியிட்டனர். கண்ணின் தயவை நாடாமல் கைக்கே நேராக ஏதேனும் கொடுக்க முயலும் இவ்வழியை நாம் விசேஷமாகப் பாராட்டுகிறோம். புடைவையின் தலைப்பை இரு விரலிடையே உரசிப் பார்த்து வாங்கிய ஜனங்கள் இன்று கைபேசியிற் படத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். மின்னும் படம் பட்டின் வழவழப்பையும் மனத்தில் கொண்டுவந்துவிடுகிறது. பார்சலைப் பிரித்த பிறகுதான் விரல் தன் உண்மையைச் சொல்லுகிறது. அதில் நஷ்டம் சில நூறு ரூபாய். நோயாளியின் உடம்பில் அப்படியன்று.

இப்போது கவலைக்கு வருவோம். 2019 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவப் பாடத்திட்டம், கல்லூரிதோறும் திறன்பயிற்சிக்கூடம் வேண்டுமென்கிறது. நல்ல ஏற்பாடு, நோயாளியைத் தொடுமுன் பொம்மையைத் தொட்டுப் பழகுவதை யார் ஆக்ஷேபிப்பார்கள்? இக்கூடங்களில் மெய்நிகர் கருவிகளும் புகுந்து வருகின்றன. அவற்றில் மாணவன் ஊசியைச் செலுத்துகிறான். தோல் குழிகிறது, பிறகு விடுகிறது. கையில் ஏதோ தட்டியதாக உணர்கிறான். அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது? கருவியிலிருந்து வந்ததா, படத்திலிருந்து வந்ததா? மாணவனுக்குத் தெரியாது, 1964-ஆம் வருஷத்துப் பலகையைப் பிடித்தவர்களுக்குத் தெரியாததுபோலவே. நூறு தடவை பழகியவுடன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு புதிய உடன்படிக்கை எழுதப்பட்டுவிடும். அது உண்மையான சதைக்கு ஒத்த உடன்படிக்கையாயிருந்தால் சரி. இல்லையேல், பழகாதவன் கையைவிடத் தப்பாகப் பழகிய கை ஆபத்தானது.

கண்ணால் விசையை உணர்வது வைத்தியத்தில் நடவாததன்று என்று சிலர் சொல்லுவர். அது வாஸ்தவமே. 'டா வின்சி' என்னும் ரணசிகிச்சை யந்திரத்தில் விசையைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் 2024-இல் அமெரிக்க அநுமதி பெற்ற ஐந்தாம் மாதிரியிலேதான் சேர்ந்தன. அதுவரையில் நிபுணர்கள் தசை எவ்வளவு வெளுக்கிறது, நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே இழுப்பின் அளவை அறிந்துவந்தனர். ஆனால் அவர்கள் திரையிற் கண்டது உண்மையான தசை. அது பொய்யாக வெளுக்காது. மெய்நிகர் தசையோ ஒரு கம்பெனியின் கணக்குப்படி வெளுப்பது. அந்தக் கணக்கு யாருடைய உடம்பை அளந்து போடப்பட்டது, யார் அதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்கும் உரிமை, கருவிக்குப் பணம் கொடுக்கும் சர்க்காருக்கும், அதிற் பழகியவரிடம் நாளைக்கு உடம்பைக் கொடுக்கப்போகும் ஜனங்களுக்கும் இல்லையா?

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாடி ஒன்று, ஸ்பரிசம் வேறொன்று. இரண்டும் கையின் வேலை. விழியும் நிறமும் நாவும் பார்ப்பதற்குத் தனித்தனி இடம் உண்டு. நம் வைத்தியர்கள் கைக்கும் கண்ணுக்கும் வெவ்வேறு வாக்குமூலம் வாங்கி, ஒன்றையொன்று ஒத்துப் பார்த்தனர். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடியறியும் மாணவனுக்கு, திரையில் அலைபோல் ஒரு கோடு துடிப்பதைக் காட்டிக் கற்பித்தால், அவன் விரல் அந்தக் கோட்டைத்தான் உணரும். கோடு காட்டுவது கூடாதென்று நாம் சொல்லவில்லை; ஆரம்பத்தில் உதவும். பிறகு அதை அணைத்துவிட வேண்டும்.

இன்னொரு வகையாரையும் இங்கே நினைக்கவேண்டும். கண்ணை ஏமாற்றிக் கைக்கு உணர்வூட்டும் வித்தை, கண்ணில்லாதவருக்கு ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை. மலிவென்ற காரணத்தால் உலகத்துக் கம்பெனிகளெல்லாம் போலி ஸ்பரிசத்தோடு நின்றுவிட்டால், உண்மையான ஸ்பரிசக் கருவிகளுக்குப் பணம் போடுவார் யார்? 1951-இல் இந்திய பாஷைகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறை ஏற்பட்டது. அதை விரலாற் படிக்கும் பிள்ளைகள் பூந்தமல்லி அரசாங்கப் பள்ளியில் இருக்கிறார்கள். (பார்வையுள்ள ஆசிரியர்களிற் பலர் பிரெயிலைக் கண்ணாலேயே படிக்கிறார்கள் என்பது கேட்பதற்கு வேடிக்கை, புள்ளி புடைத்திருப்பதை மறந்து அதன் நிழலைப் படிக்கிறார்கள்.) அப்பிள்ளைகளின் விரல் யாராலும் பாடம் சொல்லிக்கொடுக்கப்படாத சாட்சி. ஒரு ஸ்பரிசக் கருவி உண்மையில் கைக்கு என்ன கொடுக்கிறது என்று அறிய விரும்புவோர், அவர்களைவிடத் தகுந்த பரீக்ஷகர்களைக் காணமாட்டார்கள். தக்க சம்மதத்தோடும் தக்க சம்பளத்தோடும் அவர்களில் வயது வந்தவர்களை இவ்வேலைக்கு அழைக்கலாம்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. மெய்நிகர் கருவியில் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பிக்கட்டும். ஆனால் கையின் திறமைக்குச் சான்றிதழ் கொடுக்கும் பரீக்ஷையில் ஒரு பாகமேனும் திரையை அணைத்துவிட்டு, அல்லது திரையில் வேண்டுமென்றே முரணான காட்சியைக் காட்டி நடத்தப்படவேண்டும். கருவி விற்பவர், கைக்கு இவ்வளவு, கண்ணின் மூலம் இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுக்கவேண்டும். மருந்துப் புட்டியின்மேல் சரக்கும் அளவும் எழுதுவதில்லையா? அந்த அளவுகளை நம்மவர் கைகளில் நம் நாட்டிலேயே சோதிக்கவேண்டும். இதற்குப் புதிய கமிஷனும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். ஸ்பரிசத்தை அளப்பவர்கள் கிண்டியில் இருக்கிறார்கள். ஸ்பரிசத்தால் நோயறிவோர் சானடோரியத்தில் இருக்கிறார்கள். இடையே ரெயிலில் அரைமணிப் பிரயாணம். இரு ஸ்தாபனத்தாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவதற்கு வேறு தடை எதுவும் நமக்குத் தென்படவில்லை.